மாமன் கொடுத்த ரத்தம்

போவன்பள்ளி,
9.8.2024

தங்கச்சி அலமுவுக்கு அண்ணன் எழுதுவது. போனில் பேசினால் நீ பாதியில் வெட்டிவிடுவாய். கடிதத்தை வெட்ட முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன்.

நான் அன்றைக்கே சொன்னேன். உன் மகள் வர்ஷினிக்குக் கர்ப்பத்தில் ஏழாம் மாசம் வந்த குளிர்காய்ச்சல் மலேரியாதான் என்று. யார் கேட்டார்கள்? ஏசி காத்து என்று சொல்லி மாத்திரையைப் போட்டு அடக்கினார்கள். இப்போது பிறந்த பிள்ளைக்கும் காய்ச்சல், ரத்தத்தில் மலேரியா. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சது?" என்றார். தக்காளியைத் தொடாமலே விலை சொல்கிற மார்க்கெட்காரன், இது தெரியாதா என்றேன். பயப்படாதே, மருந்து வேலை செய்கிறது; பிள்ளை பால் குடிக்கிறான்.

பிரசவத்தன்று வர்ஷினிக்கு ரத்தம் பத்தவில்லை என்றதும் சட்டைக் கையை மடித்தவன் நான். ரெண்டு பாட்டில்! நர்ஸே சலாம் போட்டாள். ஆனால் எல்லாரும் மாடிவீட்டு ஃபெலிக்ஸைத்தான் கொண்டாடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போனானாம். பெட்ரோல் ஊற்றினால் யார் கார்தான் ஓடாது? வர்ஷினி அவனை வாய் நிறைய "அண்ணா" என்கிறாள். கூடப்பிறந்தவன் இல்லாத பெண், அவள் மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். பிள்ளைக்கு மொட்டை போட அவன் மடியில் உட்கார வைக்கலாம் என்று மாப்பிள்ளை சொல்கிறாராம். நக்கோ, வேண்டவே வேண்டாம்! அது என் மடிதான். நீயே சொல்லிவிடு.

அண்ணன்,
பழனிசாமி


ஈரோடு,
17.8.2024

அன்புள்ள அண்ணா,

இவர் இடுப்பு ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறார், இல்லாவிட்டால் நானே ஓடி வந்திருப்பேன். நீ ரத்தம் கொடுத்ததைத் தெருவுக்கே சொன்னேன். சம்பந்தியம்மா ரஞ்சனாவிடமும் சொன்னேன். அதுதான் வினையாய்ப் போச்சு.

"உங்க அண்ணனுக்கு ஆனி மாசம் மலேரியா வந்துச்சே, அந்த ரத்தம்தானே என் பேரனைப் படுத்துது?" என்கிறார். வர்ஷினிக்குக் கர்ப்பத்தில் வந்த மலேரியாதான் பிள்ளைக்கு இறங்கியிருக்கிறது என்று டாக்டரம்மா சொல்லியும் கேட்கவில்லை. நீ பிள்ளையைத் தொடவே கூடாதாம். வர்ஷினி போனில் அழுகிறாள்: "காய்ச்சலை மறைச்சுட்டா மாமா ரத்தம் குடுத்தாரு?"

நான் என்ன சொல்லட்டும் அண்ணா? மறைத்தாயா?

அலமு


போவன்பள்ளி,
22.8.2024

அலமு,

மறைக்கவில்லை. ரத்தம் எடுக்கிற இடத்தில் கேட்டார்கள், மூணு மாசத்துக்குள் மலேரியா வந்ததா என்று. வாய்தவறி உண்மையைச் சொல்லிவிட்டேன். "அப்ப எடுக்க மாட்டோம், எழுந்திருங்க தாத்தா" என்றாள் அந்தப் பெண். தாத்தாவாம்! எனக்குப் பின்னால் நின்ற ஃபெலிக்ஸ் போய்ப் படுத்தான்.

வெளியே வந்து, எல்லார் முன்னாலும் நான்தான் கொடுத்தேன் என்றேன். அவன் கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. சட்டைக் கையை இறக்கிவிட்டு அதை மறைத்துக்கொண்டான். ஒரு வார்த்தை மறுத்திருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருப்பேன்.

பிள்ளை அவன் மடியிலேயே உட்காரட்டும். ரஞ்சனாவிடம் நீயே சொல்லிவிடு: மலேரியா என்று முதலில் சொன்னது நான்தான், எப்படித் தெரிந்தது என்று டாக்டரம்மா என்னைக் கேட்டதும் நிஜம்தான். ரத்தம் மட்டும் நான் கொடுக்கவில்லை.

பழனிசாமி