இரண்டு குழாய்களும் சேற்றில்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு சரியாக இருக்கிறது. உடம்பு மட்டும்.

கிணறு வற்றிக்கொண்டே போகிறது. நமக்கு ஒருநாள், சித்தப்பா வீட்டுக்கு ஒருநாள் என்கிற முறை மாறவில்லை. ஆனால் உன் அப்பா தன் முறையில், நம் மோட்டார் குழாயோடு இன்னொரு துண்டுக் குழாயைச் சேர்த்துக் கீழே இறக்கினார், யாரிடமும் சொல்லாமல். மறுநாள் சித்தப்பாவும் அதையே செய்தார், அவரும் சொல்லாமல். மாறி மாறி இறக்கி, போன வாரம் இரண்டு குழாய்களும் சேற்றில் போய் நின்றன. நம் மோட்டார் புகைந்துவிட்டது. இரண்டு வீட்டுத் தொட்டியிலும் கறுப்புக் கலங்கல். சித்தி குடத்தோடு வந்து, "அக்கா, உங்க வீட்டுச் சேறு எங்க வீட்டுச் சேத்தைவிட ருசியா இருக்கா?" என்றாள். சிரித்தோம். பிறகு இருவரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனோம்.

ஆண்கள் சிரிக்கவில்லை. கிணற்று மேட்டில் நின்று, "அண்ணன்னு பார்க்கிறேன்" என்றார் சித்தப்பா. "என்னை ஏன்டா பார்க்கிறே, உள்ளே எட்டிப் பாரு, நீ பண்ணின வேலை தெரியும்" என்றார் அப்பா. இப்போது நம் வரப்போரமாக, கிணற்றை ஒட்டியே, போர்வெல் போடப்போகிறாராம். போர் போடுகிறவரே தயங்கினார், "இவ்வளவு கிட்டப் போட்டா கிணத்துல சொட்டு நிக்காதுங்க" என்று. "நிக்க வேண்டாம்" என்றார் அப்பா. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சித்தப்பாவின் அவரைக்கொடி இப்போதுதான் பூ விடுகிறது. அவர்களுக்கு வேறு தண்ணீர் கிடையாது. போரில் எவ்வளவு காலம் வரும் என்று நமக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அப்பா உன்னைப் போனில் கூப்பிடுவார். "நிலம் அவனுக்குத்தானே, அவன் வாயால சொல்லட்டும்" என்று போர் வண்டியை வரவிடாமல் நிறுத்திவைத்திருக்கிறார். வேண்டாம் என்று சொல். இருவரும் சேர்ந்து நின்று குழாய்களை மேலே தூக்கட்டும், சேற்றை வாரட்டும், இனி இரண்டு பேர் காட்டுக்கும் ஒரே மோட்டார் போதும் என்று சொல். கோபப்படுவார். கொஞ்ச நாள் உன்னோடு பேசமாட்டார். உனக்கு வலிக்கும், தெரியும். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்; "போ, உன் கொழுந்தனுக்கே வக்காலத்து வாங்கு" என்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு. கண் விழித்துப் படிக்காதே. உனக்கு எல்லா நன்மையும் வரட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அப்பா எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம்ப்பா" என்று சொல்லிப் போனை வைப்பாயே, இந்தத் தடவை அதைச் சொல்லிவிடாதே.

உன் அம்மா