ஊசியை எடுத்த பிறகும்

நியூபோர்ட், ஆர்கன்சா
செப்டம்பர் 21, 1987

மதிப்புக்குரிய வெண்டல் க்ரட்ச்ஃபீல்டு அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் குழுவில் டிரம் வாசித்த டெல்பர்ட் ஹாஸ்கின்ஸின் மகள் நான். நீங்கள் கலிஃபோர்னியா போய் ஆறு வருஷம் கழித்துப் பிறந்தவள். எங்கள் வீட்டில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றாலும், காலேஜ் போனவள் என்று என்னிடம்தான் தருவார்கள். இதை யாரும் சொல்லி எழுதவில்லை. மூன்று தடவை கிழித்துப் போட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் அறுவடைத் திருவிழாவில் பழைய குழுவோடு பாட நீங்கள் சம்மதித்த செய்தியைக் கிளாய்ஸ்தான் கொண்டுவந்தார். உங்களுக்கு பாஸ் கிட்டார் வாசித்த அவர் இப்போது இங்கே துணை ஷெரீஃப். சீருடையோடு வாசலில் நின்று, “டேய் டெல்பர்ட், இருபத்தொன்பது வருஷமா தேடிட்டிருக்கோம். மரியாதையா கிளம்பிடு” என்றார். அப்பா உடனே தலையாட்டிவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பீன்ஸ் தட்டு, காரின் ஸ்டீயரிங், அம்மாவின் தோள், எல்லாவற்றிலும் தாளம்தான். “நான் என்ன டிரம்மா? போய் அதைத் தட்டுங்க” என்று அம்மா விரட்டுகிறாள்.

போன ஞாயிறு, சர்ச்சிலிருந்து வந்ததும் கராஜில் உங்கள் இசைத்தட்டைச் சுழலவிட்டு, கூடவே வாசித்தார். சாப்பிடக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. பின்னால் போய்த் தட்டின் மேலிருந்த ஊசியை எடுத்தேன். அவர் நிறுத்தவில்லை. பாட்டே இல்லாமல் பாட்டு முடிகிறவரை வாசித்தார். சிம்பல் தகட்டைக் கையால் பிடித்து அடக்கிவிட்டு, என்னைப் பார்த்ததும், “என்னமா பாடியிருக்கான் பாரு, படுபாவி!” என்றார்.

ஆமாம் என்றேன்.

நெல் உலர்த்தும் ஆலையில், ராட்சத விசிறிகளுக்கு நடுவே இருபத்தேழு வருஷம் வேலை பார்த்ததில் காது மந்தமாகிவிட்டது. மிச்சமிருக்கும் கேள்வியையும் வாசிக்கும்போது டிரம் சத்தம் மூடிவிடுகிறது. இத்தனை நாளும் எங்கள் உதடுகளைப் பார்த்தே சமாளித்திருக்கிறார். நாங்கள்தான் அவரை அழுத்தக்காரர் என்று நினைத்தோம். டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டதற்கு, “பொண்ணு காலேஜ் போனா அப்பன் செவிடாயிடுவானா?” என்று சிரித்தார். அம்மாவோ, “அப்பா வரலைன்னு சொல்லிடு, ஊரே சிரிக்கும்” என்கிறாள். என்னால் சொல்ல முடியவில்லை. அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

நீங்கள் இப்போது அந்தப் பாட்டை மெதுவாகப் பாடுவதாகக் கிளாய்ஸ் சொன்னார். அன்று ஒரு நாள் மட்டும் இசைத்தட்டில் பாடிய அதே வேகத்தில் பாடுவீர்களா? ஓர் அடி கூட்டாமல், குறைக்காமல், நடுவில் கூட்டத்தோடு பேசாமல்? அந்த வேகம் அவர் கைகளில் அப்படியே இருக்கிறது. அதிலிருந்து நீங்கள் விலகினால் அவர் தனியாகப் போய்க்கொண்டிருப்பார். ஜனங்கள் சிரிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் அந்தக் குச்சிகளைத் தொடமாட்டார். நான் எழுதியது அவருக்குத் தெரியவே வேண்டாம்.

இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் உங்களை மட்டும் கூப்பிட்டபோது என்ன நடந்தது என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. பாடுகிறவர் ஜனங்களைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். பின்னால் உட்கார்ந்திருக்கிறவருக்கு உங்கள் முதுகுதான் தெரியும்.

ஆண்டவர் உங்கள் குரலுக்குத் துணையிருக்கட்டும். பாட்டு முடிந்ததும், கைதட்டல் அடங்குவதற்குள், ஒரே ஒரு தடவை அவர் பக்கம் திரும்புங்கள். ஏதாவது சொல்லுங்கள். மைக்கில் வேண்டாம், சத்தமாகவும் வேண்டாம். அவர் புரிந்துகொள்வார்.

பணிவுடன்,
ரோண்டா ஹாஸ்கின்ஸ்