மழை அதிகம் என்று சொன்ன வருடங்கள்

அக்டோபர் 5, ஞாயிறு

மாரியான் கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு வாய் பருகி, விருந்தாளிகளிடம் வழக்கம்போலச் சொன்னான்: "மழை ஜாஸ்தி. அதான் ஒயின் இப்படித் தண்ணியா இருக்கு." எல்லோரும் தலையாட்டினார்கள். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

தோட்டத்துக் குடிலில் இருக்கும் பீப்பாயிலிருந்து திருடிக் குடிப்பவள் நான். குறைந்த அளவுக்குக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி நிரப்புகிறவளும் நான். நான்கு வருடமாக என் புருஷன் வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறான்.

அக்டோபர் 6

ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. என்னிடம் கல்யாண உடை தைக்கக் கொடுக்க வந்த பெண் பார்த்துக்கொண்டே நின்றாள். "கண்ணாடி மாத்தணும்மா" என்றேன். கோளாறு கண்ணிலா இருக்கிறது? கை நடுங்குகிறது.

மத்தியானம் டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். குடியை விட்டவர்களின் கூட்டம் ஒன்று இருக்கிறதாம். செவ்வாய்தோறும் ஆறு மணி, தீயணைப்பு நிலையத்து மாடி. "வீட்ல ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. கூட வர்றவங்களும் குடியைத் தொடக் கூடாது, அதான் அங்க சட்டம்" என்றார்.

மாரியானையா? திராட்சைத் தோட்டக்காரனையா? புது ஒயினைக் கொண்டாடும் மார்ட்டின் திருநாளில் பிஷப் மாதிரி ஆயர் வேஷம் கட்டி, புதுத் திராட்சைச் சாற்றுக்கு 'ஒயின்' என்று ஞானஸ்நானம் கொடுத்து, ஊருக்கு முன்னால் முதல் கோப்பையைக் குடிப்பவனே அவன்தான். நல்ல கதை. தனியாகவே போகிறேன்.

அக்டோபர் 7

வெட்கக்கேடு.

மாடியில் இருபது பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை முகத்திலும் சிரிப்பு. குடியை விட்டால் இப்படி மலர்ந்துபோவோமா என்று ஆச்சரியப்பட்டேன். ஒருவர் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். உறுதிமொழியாக இருக்கும் என்று நினைத்தால் — பாட்டு! பாடகர் குழுவின் ஒத்திகை! எழுந்து போனால் எதற்கு வந்தாய் என்று கேட்பார்களே. ஒரு மணி நேரம் பாடித் தீர்த்தேன்.

அக்டோபர் 14

இன்றும் அங்கேதான் போனேன். ஏன்? அந்த ஒரு மணி நேரம் தாகம் எடுக்கவில்லை, அதனால்தான்.

முடிந்ததும் பக்கத்தில் பாடிய ரொட்டிக்கடை லூபிட்சா காதோரம் வந்தாள். "அக்கா, நீங்க தேடி வந்த கூட்டம் நூலகத்து மாடிக்கு மாறிடுச்சு. என் அண்ணனும் அங்கதான் போறான்."

"போன வாரமே சொல்லியிருக்கலாம்ல?"

"நல்லா பாடுனீங்களே!"

படியில் உட்கார்ந்து இருவரும் சிரித்தோம். எனக்குக் கண்ணீரும் வந்தது.

அக்டோபர் 21

நூலகத்து மாடி. ஜோடி ஜோடியாக இருந்தார்கள். ஒருவருக்கு மனைவி, ஒருவருக்கு மகன். லூபிட்சாவின் அண்ணனுக்கு மாமியார். "மாப்பிள்ளைக்கு நான்தான் காவல். எனக்குத்தான் காவல் ஆளில்ல" என்று அந்த அம்மா சொல்ல, ஒரே சிரிப்பு.

கூட்டத்தை நடத்தும் திஹோமிர் முன்பு ரயில் ஓட்டியவர். "உங்ககூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டார்.

யாருமில்லை என்றேன். என் பக்கத்து நாற்காலியை அவர் எடுக்கவிடவில்லை. அது காலியாகவே இருந்தது.

அக்டோபர் 28

குடிக்காமல் ஏழு நாள்.

நவம்பர் 5, புதன்

சொல்லிவிட்டேன். மாரியானிடம்தான். குடிப்பதை மட்டும். தண்ணீர் ஊற்றியதைச் சொல்ல வாய் வரவில்லை.

"வர்ற செவ்வாய் ஆறு மணிக்கு என்கூட வா. பக்கத்துல உக்காரு. அப்புறம்... நீயும் குடிக்கக் கூடாது."

"செவ்வாயா? பதினொண்ணாந்தேதியா?" என்றான். "அன்னிக்கு மார்ட்டின் திருநாளாச்சே, யாஸென்கா."

தொப்பியை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டான். எதுக்குடி வாயத் தொறந்த? தோட்டமா பொண்டாட்டியான்னு ஒரு மனுஷன்கிட்ட கேக்கற கேள்வியா இது? ஆனா தனியா என்னால முடியலையே. முடியலையே.

நவம்பர் 9

அவனுடைய ஆயர் தொப்பிக்குப் புதுச் சரிகை தைத்தேன். நூல் முதல் தடவையிலேயே ஊசியில் ஏறியது! சொல்ல ஆளில்லாமல் பூனையிடம் சொன்னேன்.

மாரியான் கதவருகே நின்று பார்த்தான். "இந்த வருஷம் கொஞ்சம் இறுக்கமா தை. ஓடும்போது விழுந்துடும்."

ஆயர் எங்கே ஓடப்போகிறாராம்?

நவம்பர் 11, செவ்வாய்

மணி ஆறு இருபது. பக்கத்து நாற்காலியைப் பார்க்கக் கூடாது என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். படியில் தடதடவென்று சத்தம். கதவைத் திறந்துகொண்டு ஆயர் வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை, அங்கியின் விளிம்பெல்லாம் சேறு, தலையில் நான் தைத்த தொப்பி. மாமியார் அம்மா சிலுவை அடையாளமே போட்டுக்கொண்டாள்.

"ஒரு சொட்டு தொடல" என்று மூச்சு வாங்கினான். "ஆசீர்வாதம் பண்ணி, கோப்பையப் பக்கத்துல நின்னவன் கையில குடுத்துட்டு ஓடி வந்தேன்."

"உக்காருங்க ஆயரே" என்றார் திஹோமிர். சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. அப்புறம் எல்லோரையும் போல அவனையும் பேசச் சொன்னார்.

தொப்பியைக் கழற்றி என் மடியில் வைத்தான்.

"நான் மாரியான். யாஸென்காவோட புருஷன். நாலு வருஷமா ஊர்ல எல்லார்கிட்டயும் ஒரு பொய் சொல்லிட்டு வர்றேன்." என் பக்கம் திரும்பவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டான். "எங்க தோட்டத்துல மழை ஒண்ணும் ஜாஸ்தி இல்லீங்க."