வெள்ளைக் கொடிக்குப் பதிலாக

ஏப்ரல் 9, புதன்
இவர் போய் ஒரு வருடம். ஆட்டைத்திவசம் முடிந்து மகன் யுகன் சிட்னிக்குத் திரும்பிவிட்டான். போகும்போதும் அதே கதை. "அம்மா, வீட்டை வித்துப்போட்டு எங்களோட ஸ்ட்ராத்ஃபீல்டுக்கு வாங்கோ. மெல்பேர்ன்ல தனிய இருந்து என்ன செய்யப்போறியள்?"

என்ன செய்யப்போகிறேன்? எனக்கும் தெரியவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு
பின்வேலிக்கு அப்பால் ஐரிஷ்காரரின் மைதானம். இத்தனை வருடமும் எங்களுக்கு அது வெறும் சத்தம்தான். இன்று அவர்கள் தங்கள் ஊர் விளையாட்டில் மட்டையால் அடித்த சின்னத் தோல்பந்து பறந்துவந்து என் கறிவேப்பிலைக் கன்று நின்ற சாடியை உடைத்தது. சண்டை பிடிக்கத்தான் போனேன். கன்டீன் நடத்தும் மார்கரெட் என்ற கிழவி (நானும் கிழவிதான்) மன்னிப்புக் கேட்டுத் தேநீர் தந்தாள். ஒருவரோடு உட்கார்ந்து தேநீர் குடித்து எவ்வளவு காலம்! சண்டையை மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு
மறுபடி போனேன். புதுச் சாடி வாங்கி வைத்திருந்தாள். அந்த இடம் முன்பு மாடு மேய்ந்த நிலமாம். கப்பலில் வந்த அவளுடைய தகப்பனும் கூட்டாளிகளும் வேலை முடிந்து வந்து, கல் பொறுக்கிச் சமன்படுத்தினார்களாம். சுவரெல்லாம் அவர்களின் படங்கள். இப்போது விளையாடுவது விசாவில் வரும் பிள்ளைகள். விசா முடியப் போய்விடுகிறார்கள். "கோல் கம்பத்தில் கொடி காட்டக்கூட ஆளில்லை. நீ நிற்கிறாயா?" என்றாள்.

எனக்கு என்ன தெரியும்! ஓம் என்றுவிட்டேன்.

மே 11, ஞாயிறு
உயர்ந்த இரண்டு கம்பம், நடுவில் குறுக்குச் சட்டம். பந்து சட்டத்துக்குக் கீழே போனால் கோல், பச்சைக் கொடி; மேலே போனால் ஒரு புள்ளி, வெள்ளைக் கொடி. கொடி காட்டுபவருக்கென்று வெள்ளைக் கோட்டு ஒன்று தந்தார்கள்; அதைப் போட்டதும் இவரை நினைத்தேன். தமிழ்ச் சங்கக் கிரிக்கெட்டில் எத்தனை வருடம் அம்பயராக நின்றவர்.

மே 25, ஞாயிறு
ஐயோ, என்ர கையால கெடுத்துப்போட்டன்.

கடைசி நிமிடம். ஒரு புள்ளி வந்தால் சமன். எங்கள் அணிப் பிள்ளை ஒருவன் அடித்த பந்து சட்டத்துக்கு மேலே உயர உயரப் போனது. நான் வெள்ளைக் கொடியை எடுக்கவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டேன் — இவர் சிக்ஸருக்குத் தூக்குவது போல. இங்கே கைகளைத் தலைக்கு மேலே குறுக்காகக் காட்டினால் பந்து வெளியே போனதென்று அர்த்தம். தூரத்தில் நின்ற ரெஃபரி அப்படித்தான் நினைத்தார். நான் சொல்லியும் எடுபடவில்லை. தோற்றுப்போனோம்.

ஒருத்தரும் ஏசேல்லை. அதுதான் தாங்கேலாமல் கிடக்கு. கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 1, ஞாயிறு
போகவில்லை. சத்தம் கேட்டது.

ஜூன் 3, செவ்வாய்
யுகனிடம் விற்கலாம் என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை ஏஜென்ட் வருகிறான்.

ஜூன் 6, வெள்ளி
ஏஜென்டுக்கு முன்னால் மார்கரெட் வந்துவிட்டாள், கையில் கோட்டோடு. "அன்றைக்கு ஏன் கையைத் தூக்கினாய்?" சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் பெயர் என்ன என்று கேட்டாள். கேதீஸ்வரன் என்று சொன்னேன். "நல்ல அம்பயரா?"

"சொந்த மகனுக்கே எல்.பி.டபிள்யூ குடுத்த மனுசன்."

ஏஜென்ட் மணி அடித்தபோது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஜூன் 15, ஞாயிறு
நீளமாக அடித்த பந்து, சட்டத்துக்கு மேலே. இந்தமுறை வெள்ளைக் கொடியை ஒழுங்காக உயர்த்தினேன். திரும்பிப் பார்த்தால், கன்டீன் வாசலில் மார்கரெட் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி நிற்கிறாள். அவளைப் பார்த்து, வெளியே உட்கார்ந்திருந்த ஆட்டக்காரப் பிள்ளைகளும். அவர்களுக்குக் கேதீஸ்வரன் யாரென்றே தெரியாது.

வீட்டுக்கு வந்தேன். சொல்ல ஒருவரும் இல்லை. யுகனுக்கு போன் எடுத்து, ஏஜென்டை அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டதைச் சொன்னேன்.

"ஏன், அம்மா?"

"வாற ஞாயிறு எனக்கு மட்ச் இருக்கடா."