ஆறு மணிக்கு யாரிடம் ஒப்படைப்பது

பொன்மலைப்பட்டி,
திருச்சி.
புதன்கிழமை

அன்புள்ள தம்பி பூவரசனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், முட்டியைக் கேட்டால் அது வேறு சொல்லும், அதை அப்புறம் சொல்கிறேன். அங்கே கௌஹாத்தியில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ முடிவைச் சொல்லிவிடுகிறாய், அப்படியே அப்பா மாதிரி. ஞாயிற்றுக்கிழமை கேட்டாயே, இந்த வயசில் வீட்டு வேலைக்குப் போகப்போறியாம்மா என்று, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். உன் மேல் கோபம் இல்லை, கோபப்படவும் தெம்பு வேண்டுமே. இன்றைக்கு எனக்கு ஆஃப், அதனால் உட்கார்ந்து முழுவதும் எழுதுகிறேன், கடைசி வரைக்கும் படி.

ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. முன்பு மூன்று பேர் பார்த்த வார்டை இப்போது இரண்டு பேர் பார்க்கிறோம், ஒருத்தி லீவு போட்டால் இன்னொருத்தி தலையில்தான் அத்தனையும். உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். போன மாதம் மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டே போனவள், ஒரு கட்டில் பக்கத்தில் நின்றபடியே தூங்கிவிட்டேன். சிஸ்டர், உட்காருங்க என்று அந்த நோயாளியே எழுப்பினார். கையில் மருந்து ஏற்றிய ஊசி தயாராக இருந்தது. அன்றிலிருந்து எனக்கு என் கை மேலேயே பயம். ஒரு மருந்தை இரண்டு தடவை படிக்கிறேன், மூன்று தடவை படிக்கிறேன், அப்படியும் வீட்டுக்கு வந்து படுத்தால் சரியாகத்தான் போட்டோமா என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. இப்படியே இன்னும் எத்தனை நாள் ஓட்ட முடியும் சொல்லு.

அப்போதுதான் நசீரா கூப்பிட்டாள். என்னோடு வார்டில் இருந்தவள், அப்பாவுக்கு ரத்தம் வேண்டும் என்றபோது இரண்டு பேரைக் கையோடு கூட்டி வந்தாளே, அவள்தான். இப்போது வீடுகளுக்கு நர்ஸ் அனுப்புகிறாள். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு, பக்கவாதம் வந்து படுத்த பெரியவர், காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை, நைட் டியூட்டி கிடையாது, இரண்டு நாள் போய்ப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கக்கா என்றாள். படித்து முடித்ததிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒரு நாள்கூட நான் வேலை பார்த்ததில்லை. உன்னை மாதிரிதான் நானும் முதலில் நினைத்தேன், வெள்ளைச் சட்டையைக் கழற்றிவிட்டால் நம்மை யார் சிஸ்டர் என்று கூப்பிடுவார்கள், பாத்திரத்தைக் கழுவி வை என்பார்கள் என்று. ஆனாலும் திங்களும் செவ்வாயும் லீவு போட்டுவிட்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வீட்டில் பெரியவரும் அவர் மனைவி பத்மாசனி மாமியும்தான். பிள்ளை அமெரிக்காவில், சுவரில் ஒரு கேமரா வைத்து அங்கிருந்து பார்க்கிறான். மாமி முதலில் நான் எந்த ஊர்ப் பக்கம் என்று கேட்டார், லால்குடிப் பக்கம் என்றேன், அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை நானும் சொல்லவில்லை. பதினாலு மாதமாக ஒண்டியாகப் பார்த்திருக்கிறார். பெரியவரைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, மூக்குக் குழாயில் கஞ்சி கொடுத்து, அன்றைய பொழுது போய்விட்டது. ஆறு மணி ஆனதும் நான் நோட்டும் கையுமாகக் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டேன். எங்கள் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, டியூட்டி முடிந்தால் அடுத்த சிஸ்டரைக் கட்டில் கட்டிலாகக் கூட்டிப்போய் இன்னது செய்தேன் இன்னது பாக்கி என்று ஒப்படைக்க வேண்டும், கொடுத்தவள் ஒரு கையெழுத்து, வாங்கியவள் ஒரு கையெழுத்து, இரண்டும் விழுந்தால்தான் வாசலைத் தாண்டலாம். அங்கே யார் வரப்போகிறார்கள்? அது தெரிந்தும் கால் நகரவில்லை. கால்மணி நேரம் நின்றிருப்பேன். நான் ஏதோ எதிர்பார்த்து நிற்கிறேன் என்று நினைத்து மாமி உள்ளே போய் ஒரு ரூபாய் நோட்டை மடித்துக் கொண்டுவந்து நீட்டினார்.

தம்பி, அப்போது நீ ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டதுதான் என் காதில் விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. காசுக்கு நிற்கலைங்க, இவரை யார்கிட்டயாவது ஒப்படைச்சிட்டுத்தான் நான் போகணும், உங்ககிட்ட ஒப்படைக்கட்டுமா என்றேன். மாமி கையை மடக்கிக்கொண்டார். நான் வார்டில் சொல்கிற மாதிரியே எல்லாம் சொன்னேன், ஆறு மணிக்கு இடது பக்கம் புரட்டினது, சிறுநீர் எவ்வளவு போனது, முதுகில் ஒரு இடம் சிவந்திருப்பது, அடுத்து எட்டு மணிக்குப் புரட்ட வேண்டியது. கேட்டு முடித்து அவர் சொன்னார்: "எல்லாரும் இதைப் பண்ணு அதைப் பண்ணுன்னு சொல்லிட்டுப் போயிடுவா. ஒருத்தரும் என்னை ஒரு ஆளா நிக்கவெச்சு ஒப்படைச்சதில்லை." நோட்டில் கையெழுத்தும் போட்டார். மறுநாள் காலையில் நான் செருப்பைக் கழற்றுவதற்குள், வாங்கோ சிஸ்டர் என்று கூப்பிட்டுக் கட்டில் பக்கத்தில் நிறுத்தி, ராத்திரி நடந்ததை மணிக்கணக்கோடு எனக்கு ஒப்படைத்தார்.

எல்லாம் நல்லதாகவே இருந்தது என்று சொல்லமாட்டேன். இரண்டாம் நாள் மத்தியானம் பெரியவருக்குச் சளி அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரி என்றால் டாக்டர் ஓடி வருவார், அங்கே நானும் மாமியும்தான். மெஷினை வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டேன், எடுத்த பிறகும் மூச்சு சீராக வருகிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். அந்தப் பயம் அங்கேயும் இருக்கும். ஆனால் அங்கே ஒருவரைத்தான் பார்க்க வேண்டும், தூங்கி எழுந்த கண்ணோடு பார்க்கலாம். வெள்ளிக்கிழமை நசீராவிடம் சரி என்று சொல்லப்போகிறேன். இது உன் கைக்கு வரும்போது சொல்லியாகியிருக்கும்.

லால்குடியில் பாலு சித்தப்பா வீட்டில் எல்லோரும் சௌக்கியம், நடவு முடிந்ததாம். நீ மழையில் வண்டி ஓட்டாதே, கடையிலேயே சாப்பிடாதே, ஒரு குக்கர் வாங்கிக்கொள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அப்பா போன பிறகு இந்த மூன்று வருஷமாக டியூட்டி முடிந்து வந்து கதவைத் திறந்தால், என் பொழுதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. நீயும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால் இப்போது சொல்கிறேன், நின்று கேட்டுக்கொள். பெயர் பிரேமலதா, வயது ஐம்பத்திரண்டு. வலது முட்டியில் வீக்கம், பிரஷர் மாத்திரை காலையில் ஒன்று, தூக்கம் குறைவு, சாப்பாடு பரவாயில்லை. பாக்கி இருப்பது கண் டெஸ்ட், அப்புறம் நீ ஒரு தரம் ஊருக்கு வருவது. சமயபுரத்தாள் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், நல்லா இரு. வேலைக்குப் போகலாமா என்று உன்னிடம் நான் கேட்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, அது போதும்.

ஒப்படைத்தவர்: உன் அம்மா, பிரேமலதா

பெற்றுக்கொண்டவர்: