ஸ்பேர்

மார்ச் 4
டிப்போவில் என் பெயருக்கு நேரே இன்றும் ‘ஸ்பேர்’ என்றுதான் எழுதியிருந்தது. எந்தக் கண்டக்டராவது வராவிட்டால் அந்த வண்டியில் நான். எல்லாரும் வந்துவிட்டால் பெஞ்சில் நான். இன்று பெஞ்ச்.

மார்ச் 6
ஒரு டிரிப் கிடைத்தது. வழக்கமான கண்டக்டருக்குப் பல்வலி. ஏறியவர்கள் எல்லாரும் அவரைத்தான் விசாரித்தார்கள்.

மார்ச் 9
தம்பி மகளுக்கு ஆங்கில வீட்டுப்பாடம். ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டோ அத்தனைக்கும் வாக்கியம் எழுத வேண்டுமாம். அவளுக்கு வந்த சொல் ஸ்பேர். எனக்குத் தெரியாததா? ஸ்பேர் டயர், ஸ்பேர் டைம் என்று அடுக்கினேன். ஒல்லியான உடம்பு என்றும் ஒரு பொருள் அகராதியில் இருந்தது. “அது உனக்கு ஒத்து வராது அத்தை” என்றாள். இருவரும் சிரித்தோம்.

பிறகு நோட்டைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஒரு ஸ்பேர் ரூம் இருக்கிறது, அதில் என் அத்தை இருக்கிறாள் — இப்படி ஒரு வாக்கியம். எழுத்துப்பிழைகூட இல்லை.

மார்ச் 10
பச்சைப் பிள்ளை எழுதினதுக்குப் போய் மனசு இப்படி அடிச்சுக்கணுமா? ஆனா பொய்யா எழுதிச்சு? கட்டிக்கொடுத்த இடத்துலேர்ந்து திரும்பி வந்து எட்டு வருஷம். அந்த ரூம் சுவத்துல நான் ஒரு ஆணிகூட அடிக்கல.

மார்ச் 17
டிப்போவுக்குப் பின்தெருவில் ஒற்றை அறை பார்த்து, பேசி முடித்துவிட்டேன். தம்பியிடம் சொன்னதும், “நாலு பேரு என்னக்கா நினைப்பாங்க?” என்றான். நாலு பேராம். போகாதன்னு ஒரு வார்த்தை வரல அவன் வாயில. அவன் மனைவி தலைகுனிந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 24
குடி வந்தாயிற்று. வீட்டுக்காரம்மா இரண்டு சாவி கொடுத்தார். ஒன்று ஸ்பேர், வேண்டியவர்கள் யாரிடமாவது கொடுத்து வையுங்கள் என்றார். சரி என்றேன். யாரிடம்?

மார்ச் 29
பெஞ்ச். டீக்கடைக்காரரிடம் “சர்க்கரை கம்மியா” என்று சொன்னதைத் தவிர இன்று யாரிடமும் பேசவில்லை.

ஏப்ரல் 2
இரண்டு சாவியும் என் பையில்தான்.

ஏப்ரல் 5
தம்பி மனைவி தனியாக வந்தாள். பிள்ளையின் நோட்டைத் தானும் அன்றே பார்த்தாளாம். என்னிடம் பேசத்தான் நினைத்தாளாம், வாய் வரவில்லையாம். கிளம்பும்போது கையை நீட்டினாள்.

“இன்னொரு சாவி இருக்குமே, அத எங்கிட்ட குடுங்க அண்ணி. காய்ச்சல்ல விழுந்தா நீங்களா எந்திரிச்சுக் கதவு திறப்பீங்க?”

கொடுத்தேன்.

படுக்கும்போது கதவைப் பூட்டினேன். உள்தாழ்ப்பாள் போடவில்லை. போட்டால் அவளால் திறக்க முடியாது.