உன் பாடத்துக்குப் பயந்து ஓடியவன் எழுதுவது

ராபர்ட்சன்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம்.

அன்பு மகள் அமலாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா சுகம், நான் முக்கால் சுகம். அங்கே அடிலெய்டில் நீயும் மாப்பிள்ளை விநாயக்கும் முழுச் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன் என எழுத வந்தேன், வேண்டிக்கொள்வது உன் அம்மாவின் டிபார்ட்மெண்ட், நான் ஆசைப்படுகிறேன் என்று வைத்துக்கொள். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குப் பேனாவை எடுத்தான் என்று யோசிப்பாய். நம் வீட்டில் போன் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள், பக்கத்து வீட்டுத் தெரசா காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பதிலும் சொல்வாள். அந்த ஏற்பாட்டில் சில விஷயங்களைச் சொல்ல முடியாது. அதனால் எழுதி, போனில் படம் பிடித்து அனுப்புகிறேன். எழுத்து புரியாவிட்டால் குறை சொல்லாதே, டாக்டர்கள் எழுதுவதை நாங்கள் இத்தனை காலம் படிக்கவில்லையா.

இரண்டு மாதத்துக்கு முன்னால் நீ போன் செய்து, எங்கள் மெடிக்கல் காலேஜில் ஆன்மிகமும் ஆரோக்கியமும் என்று புதிதாக ஒரு பாடம் வந்திருக்கிறது, அதை நடத்துவது நான்தான் என்று சொன்னாயே, அன்றிலிருந்து இந்தத் தெருவில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் நோயாளியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டும், குரலைத் தாழ்த்த வேண்டும், உங்களுக்கு எதில் நம்பிக்கை, கஷ்டம் வந்தால் யாரை நினைப்பீர்கள் என்று கேட்க வேண்டும், அதுவும் வைத்தியத்தில் ஒரு பகுதிதான் என்று நீ ஒவ்வொன்றாகச் சொன்னாய். கடவுளில் ஃபெயில் ஆனால் மறுபடி பரீட்சை உண்டா என்று நான் கேட்டதற்குக் கோபித்துக்கொண்டாய். உன் அம்மா மறுநாளே, அமலா வெள்ளைக்கார டாக்டர்களுக்குப் பக்தி சொல்லித் தருகிறாள் என்று மார்க்கெட் வரைக்கும் செய்தியைப் பரப்பிவிட்டாள். பூதிகோட்டையிலிருந்து காய் கொண்டுவருகிற கிருஷ்ணப்பா, முழங்கால் வலிக்கு எந்தச் சாமி என்று உன்னிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார். நானும் சும்மா இல்லை. கோயில் வாசல் மிதிக்காத நான், என் மகள் பாடம் என்று ஃபேக்டரி பென்ஷன்காரர்கள் கூடுகிற இடத்தில் அரைமணி நேரம் விளக்கம் கொடுத்தேன். அந்தப் பெருமையெல்லாம் எங்கே போய் முடிந்தது என்பதைத்தான் இனிமேல் எழுதப்போகிறேன், படித்துவிட்டுக் கத்தாதே.

எனக்கு ஹெர்னியா இருக்கிறது. மூன்று வருஷமாக இருக்கிறது. வேட்டிக்கு உள்ளே பெல்ட் கட்டிக்கொண்டு உன்னிடம் மறைத்தேன், நீ வீடியோவில் முகத்தைத்தானே பார்ப்பாய். போன மாதம் வீக்கம் பெரிதாகி, உன் அம்மா கண்டுபிடித்து, பெங்களூர் போகிற வழியில் இருக்கிற ஒரு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். உன்னிடம் சொன்னால் லீவு போட்டுக்கொண்டு ஓடி வருவாய், ஆபரேஷன் முடிந்து சொல்லிக்கொள்ளலாம் என்று சொல்லி அவள் வாயையும் அடைத்தேன். பெரிய டாக்டர் வந்து பார்த்தார், சின்ன ஆபரேஷன், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார். மறுநாள் காலையில் ஆபரேஷன். முந்தின நாள் மத்தியானம் மூன்று மணிக்கு மம்தா என்று ஒரு பெண் வந்தாள், மூன்றாம் வருஷம் படிக்கிறாளாம், பெங்களூர்ப் பெண், பாதி கன்னடமும் மீதி தமிழுமாகப் பேசினாள். சுகர் எவ்வளவு, என்ன மாத்திரை, எது ஒத்துக்கொள்ளாது எல்லாம் எழுதினாள். அப்புறம் அந்த ஃபைலை மூடினாள். நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்தாள். குரலைத் தாழ்த்தினாள். தாத்தா நீங்கள் எந்த மதம், உங்களுக்குத் தேவரு மேல், சாமி மேல் நம்பிக்கை உண்டா, உங்கள் ஆட்கள் யாராவது வந்து பிரார்த்தனை செய்ய வேண்டுமா என்று கேட்டாள்.

அமலா, நீ அடிலெய்டில் இருக்கிறாய், உனக்கு இது பாடம். நான் மைனிங் லைன் வீட்டில் பிறந்தவன். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஒருத்தனிடம் மதம் கேட்டால் என்ன அர்த்தம் என்று லைனில் இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உன் தாத்தா நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் ட்ரில் பிடித்தவர், நுரையீரல் கல்லாகிப் படுத்திருந்தார், எனக்கு அப்போது பதினாலு வயது. இருபது நாள் வரைக்கும் அவர் எந்தச் சாமி கும்பிடுகிறார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இருபத்தோராம் நாள் வார்டு ஆள் ரெஜிஸ்டரோடு வந்து, இந்துவா கிறிஸ்தவரா, யாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். எந்த இடுகாடு என்று தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக. என்னைக் கூப்பிட்டு, வீட்டுக்குப் போய் வெள்ளை வேட்டி ஒன்று எடுத்து வா தம்பி என்றார். நான் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். கட்டில் காலியாக இருந்தது. இதை நான் உன்னிடம் இதுவரை சொன்னதில்லை, உன் அம்மாவிடமும் சொன்னதில்லை.

அந்தப் பெண் மதம் கேட்டதும் எனக்கு அந்த வார்டு ஆளின் ரெஜிஸ்டர்தான் ஞாபகம் வந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. மதம் ஒன்றும் இல்லை என்றேன். யாரையாவது அனுப்பட்டுமா என்றாள், பேச்சு முடிந்தால் போதும் என்று, யார் வந்தாலும் சரி என்று சொல்லித் தொலைத்தேன். படிக்கிற பிள்ளைகள் சொன்னதை அப்படியே செய்வார்கள். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று பேர் வந்தார்கள். முதலில் ஒரு பாதிரியார், கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். அவர் போனதும் ருத்திராட்சம் போட்ட ஒரு பெரியவர் வந்து, பிறப்பு இறப்பு எல்லாம் நம் கையில் இல்லை என்று ஆறுதல் சொன்னார். கடைசியாக ஒரு அம்மாள் வந்து, மூச்சை மெதுவாக விடுங்கள், எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார். ஒருத்தர் வந்திருந்தால் சந்தேகம் என்று விட்டிருப்பேன். மூன்று டிபார்ட்மெண்டும் கையெழுத்துப் போட்ட பிறகு எனக்கு வேறென்ன நினைக்கத் தோன்றும். வயிற்றைத் திறந்து பார்க்காமலேயே உள்ளே ஏதோ பெரிதாக இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள், என்னிடம் மறைக்கிறார்கள் என்று முடிவுக்கு வந்தேன். முப்பத்தைந்து வருஷம் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவன், ஒரு பீஸை அளந்து பார்க்காமல் ரிஜெக்ட் செய்ததில்லை. என்னை நானே அளக்காமல் ரிஜெக்ட் செய்துவிட்டேன்.

உன் அம்மா கீழே காபி வாங்கப் போயிருந்தாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன். பங்காருப்பேட்டையில் இறங்கி மாரிக்குப்பம் ரயில் பிடித்து, வேலைக்குப் போய்த் திரும்புகிற கூட்டத்தோடு நசுங்கி வீடு வந்து சேர்ந்தேன். செத்தால் என் வீட்டில் சாகிறேன் என்ற வீராப்பு. வீட்டுக்கு வந்து பார்த்தால் சாவி அவளிடம். நமக்கு எதிர் வீட்டுத் தாமோதரன், என்னோடு ஃபேக்டரியில் ரிட்டயர் ஆனவன், அவன் வாசலில் உட்கார்ந்து, என் கதை முடிந்ததுப்பா என்று அழுதேன். அழுத வேகத்தில், உனக்கென்று வைத்துக்கொள் என்று என் ஜெர்மன் மைக்ரோமீட்டரையும் தருவதாகச் சொல்லிவிட்டேன். அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டே, எங்கே இருக்கிறது என்று கேட்டான்.

உன் அம்மா எட்டு மணிக்கு வந்தாள். ஒரு கையில் ஆஸ்பத்திரிப் பை, ஒரு கையில் ஃபிளாஸ்க். நடந்ததைத் தெரசா எனக்குப் பிறகு சொன்னாள், இவள் வார்டுக்குத் திரும்பியபோது போர்வையை எடுத்துக் கட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்களாம், இவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம், நான் நடந்தே வெளியே போனதை வாட்ச்மேன் சொல்கிற வரைக்கும் எழுந்திருக்கவே இல்லையாம். என்னைப் பார்த்ததும் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. கதவைத் திறந்துகொண்டே, "ஆளு இல்லாத கட்டில என்னப் பாக்க வெச்சிட்டீங்களே" என்றாள். அவ்வளவுதான், அப்புறம் மூன்று நாள் பேசவில்லை. எனக்குப் பதினாலு வயதில் நடந்ததை, எழுபத்திரண்டு வயதில் அவளுக்கு நான் செய்தேன். அந்தக் கட்டிலை வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, காபி வாங்கப் போனவள் திரும்பி வருவாளே என்று நினைக்கத் தெரியவில்லை. இதை நினைக்கிறபோது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாலாம் நாள் மம்தா போன் செய்தாள். பேஷண்ட் ஓடிப்போகிற அளவுக்கு என்ன கேட்டாய் என்று அவள் ப்ரொபஸர் பிடித்துக்கொண்டாராம். அழுகிற குரலில், "தாத்தா, அது சிலபஸ் தாத்தா. நாங்க எல்லா பேஷண்ட்டுக்கும் கேக்கறதுதான். காது குத்தி சீழ் வெச்ச பொண்ணுக்கும் கேட்டேன்" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்காலி, தாழ்ந்த குரல், கேள்வி, எல்லாம் நீ போனில் சொன்ன அதே வரிசை. ஊரெல்லாம் அரைமணி நேரம் விளக்கிய பாடம் என் கட்டிலுக்கு வந்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. அந்தப் பெண்ணிடம், "அப்போ நான் சாவலியாம்மா?" என்று கேட்டேன். "இல்ல தாத்தா, பரமாத்மா சத்தியமா இல்ல" என்றாள், அழுகையும் சிரிப்புமாக. தாமோதரனிடம் போய், மறுநாளே வந்து அவன் வாங்கிக்கொண்டு போன மைக்ரோமீட்டரைக் கேட்டேன். "குடுத்தது குடுத்ததுதான்பா, நீ பொழச்சதுக்கு நான் இன்னா பண்றது" என்று சொல்லிவிட்டான்.

இதனால் உன் பாடம் தப்பு என்று நான் சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான், உன் தாத்தாவிடம் யாராவது முதல் நாளே கேட்டிருக்கலாம். ஆனால் உன் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிக் கொடு. மற்றதைக் கேட்பதற்கு முன்னால், இதை எல்லாரிடமும் கேட்போம், நீங்கள் பிழைத்து வீட்டுக்குப் போகிற ஆள்தான், பயப்படாதீர்கள் என்று சொல்லச் சொல். எந்தப் பக்கத்தில் இதைச் சேர்ப்பது என்று நீயே பார்த்துக்கொள். இன்னொன்று, மதம் இல்லை என்று சொன்னவனுக்கு எல்லா மதத்திலிருந்தும் ஒவ்வொரு ஆளை அனுப்ப வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சாகவில்லை என்று தெரிந்ததும் நான் ஆபரேஷனையே மறந்தவன் போல இருந்துவிட்டேன், தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். போன வெள்ளிக்கிழமை தண்ணீர் கேனைத் தூக்கினேன். வீக்கம் கல் மாதிரி இறுகி, வலியில் கண் இருட்டிவிட்டது. ஆண்டர்சன்பேட்டை டாக்டர் அரைமணி நேரம் அமுக்கி உள்ளே தள்ளினார், அடுத்த தடவை உள்ளே போகாது, குடல் அழுகிவிடும், இந்த வாரமே செய்துகொள்ளுங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். அதே ஆஸ்பத்திரியில் புதன்கிழமைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். நாளை மறுநாள் போய்ச் சேர்கிறோம். உன் அம்மா இந்தத் தடவை காபி வாங்கப் போக மாட்டாளாம், ஃபிளாஸ்கில் வீட்டிலிருந்தே கொண்டுவருகிறாளாம், என் சட்டையை அவள் பையில் வைத்துப் பூட்டுகிறாளாம். தகவலாகத்தான் சொன்னாள், ஆனால் பேசுகிறாள், அதுவே எனக்குப் பெரிது.

மம்தாவிடமும் பேசினேன். அவளும் அன்றைக்கு ஆபரேஷன் தியேட்டரில் நின்று பார்ப்பாளாம். திரும்ப ஒரு தடவை ஒழுங்காகக் கேட்கட்டுமா தாத்தா என்றாள், கேள் என்றேன். உள்ளே போகும்போது யார் பக்கத்தில் இருந்தால் உங்களுக்குத் தைரியம் என்று கேட்டாள். உன் அம்மா கதவு வரைக்கும் வருவாள், அதற்கு அப்புறம் என் மகள் என்றேன். வீட்டு ஆட்களை உள்ளே விட மாட்டார்கள் தாத்தா, ஆனால் மயக்க மருந்து கொடுக்கிற வரைக்கும் போனை நான் பிடித்துக்கொள்கிறேன், பெரிய டாக்டரிடம் பர்மிஷன் வாங்கிவிட்டேன் என்று மறுநாள் சொன்னாள்.

அங்கே குளிர் என்று கேள்விப்பட்டேன், காலில் சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்கு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். ஆசீர்வாதம் செய்கிற அதிகாரம் எனக்கு எந்தச் சாமியும் கொடுக்கவில்லை, இருந்தாலும் பெற்றவன் என்கிற உரிமையில் நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. புதன்கிழமை இங்கே காலை ஏழு மணி, உனக்குப் பதினொன்று. அந்த நேரத்தில் உனக்கு வகுப்பு என்று எனக்குத் தெரியும், எந்த வகுப்பு என்றும் தெரியும். அன்றைக்கு ஒரு நாள் அந்தப் பாடத்தை நடத்தாதே. போனை எடு. டாக்டராக ஒன்றும் சொல்ல வேண்டாம். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது கண்ணு, அப்பா என்று ஒரு தடவை கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா,
சுந்தரராஜ்.